வாய்க்கால் இல்லாத ஊரில் ஒரு வாய்க்கால் படகு

மேர்சி: கையைப் பிடி... ஐயோ, கையைப் பிடியடி முதல்! பலகை ஆடுது!

றொஷானி: கீழ பார்க்காதேங்கோ மச்சாள். என்னைப் பாருங்கோ. ஓம்... மற்றக் காலையும் வையுங்கோ. அவ்வளவுதான். ஏறியாச்சு.

மேர்சி: மாதாவே! என்ர நெஞ்சு அடிக்கிற சத்தம் உனக்குக் கேக்குதோ?

றொஷானி: கேக்குது. கொஞ்சம் இருங்கோ. அந்த வாளியில முட்டாதேங்கோ, சாயம் ஊத்துப்படும்.

மேர்சி: எங்கயடி இருக்கிறது? இருக்க ஒரு இடம் இருக்கோ இதுக்குள்ள? நான் இப்ப எங்கயிருந்து வாறன் எண்டு தெரியுமோ உனக்கு?

றொஷானி: ஆல்பனியில இருந்து.

மேர்சி: இல்லை! கிளென் ஈடனில இருந்து! உன்ர வீட்டு வாசலில இருந்து! பெல்லை அடிக்கிறன்... சாரம் கட்டின ஒரு மனுசன் வந்து கதவைத் திறக்கிறான். வாயில பிரஷ், கடைவாயில நுரை!

றொஷானி: ராம் பிரசாத். ஃபீஜிக்காரர். நல்ல மனுசன்.

மேர்சி: நல்ல மனுசனோ! என்ர தம்பியும் பெண்சாதியும் இருக்கிற வீட்டுக்குள்ள ஆரோ ஒருத்தன் பல்லு மினுக்கிக்கொண்டு நிக்கிறான். "றொஷானி எங்க?" எண்டு கேட்டா, "ஓ, ஷீ லிவ்ஸ் ஒன் எ போட்" எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுறான்.

றொஷானி: வழியும் அவரே சொன்னவரோ?

மேர்சி: படமே கீறித் தந்தவன். பக்குரங்காவில இந்தக் கழிக்கரை வரைக்கும் வளைவு வளைவாக் கீறித் தந்தவன். நான் நம்பேல்லை. இந்தப் படகு வாசல்ல உன்ர சட்டை காயிறதைக் கண்ட பிறகுதான் நம்பினன்.

றொஷானி: தேத்தண்ணி ஊத்தட்டோ?

மேர்சி: தேத்தண்ணி கிடக்கட்டும்! அது சீதன வீடடி. உன்ர கொப்பர் காணியை வித்து, உனக்கெண்டு காசு அனுப்பி, உன்ர பேரில எழுதின வீடு. சீதன வீட்டை வாடகைக்குக் குடுத்திட்டுச் சேத்துக்குள்ள வந்து குந்தின ஒரு பெட்டையை நீ எங்கயாவது கேள்விப்பட்டிருக்கிறியோ?

றொஷானி: இல்லை. நான்தான் முதல்.

மேர்சி: பகிடி விடாத. சனங்கள் என்ன சொல்லும்? புருசனுக்கு இவளை வைச்சுப் பார்க்க வக்கில்லை எண்டெல்லோ சொல்லும்?

றொஷானி: பால் விடட்டோ, பிளேன் ரீயோ?

மேர்சி: பால் விடு... சீனி வேண்டாம், டொக்டர் சொன்னவர். சரி, அரைக் கரண்டி போடு. றொஷானி, நான் சும்மா வரேல்லை. அம்மாவுக்கு விசா வந்திட்டுது.

றொஷானி: மாமிக்கோ? மெய்யாவோ!

மேர்சி: சனிக்கிழமை வந்து இறங்குறா. மன்னாரை விட்டு வெளிக்கிட்ட நாள் தொடக்கம் கொழும்பில லொட்ஜ் அறையில கிடந்த மனுசி. போனில ஒரு கதைதான்: "என்ர மகன்ர வீட்டு வாசல்படியை மிதிச்சாக் காணும்." அப்ப, சனிக்கிழமை நீங்கள் ரெண்டு பேரும் அந்த வாசல்ல சோடியா நிக்கோணும். விளங்குதோ? இண்டைக்கே சாமானைக் கட்டு.

றொஷானி: அது ஏலாது மச்சாள்.

மேர்சி: என்ன ஏலாது?

றொஷானி: ராம் பிரசாத்துக்கு வருசம் முடியும்வரை வீடு குடுத்திருக்கிறன். குழந்தை குட்டியோட இருக்கிற சனம். மற்றது... நான் இந்தப் படகை விடமாட்டன்.

மேர்சி: விடமாட்டியோ? இதென்ன கப்பலோ விடாமல் பிடிச்சிருக்க? நீட்டா, ஒடுக்கமா... சவப்பெட்டி மாதிரி இருக்கு.

றொஷானி: இங்கிலாந்தில வாய்க்கால் வழிய ஓடுற படகு இப்பிடித்தானாம். படகுச் சொந்தக்காரி மிஸிஸ் பேர்ன்ஸின்ர புருசன் கட்டினவர். ஊர் நினைப்பில கட்டினவராம். கட்டி முடிச்ச பிறகுதான் பார்த்தாராம், இந்த ஒக்லாந்தில வாய்க்கால் இல்லை.

மேர்சி: விசரனோ அவன்?

றொஷானி: செத்துப்போனார், பாவம். பேந்து மனுசி என்னட்டைச் சொன்னவ, "ஆள் இல்லாட்டிப் படகு உக்கிப்போகும், நீ வந்து இரு" எண்டு. நானும் நூல் காயவைக்க இடம் தேடிக்கொண்டு நிண்டனான்.

மேர்சி: நூல்... ஓம், கேக்கோணும் எண்டு நினைச்சனான். தலைக்கு மேல இதென்ன தொங்குது? ஆட்டுக் குடல் மாதிரி...

றொஷானி: வூல் மச்சாள். ஆட்டுக் குடலில்லை, ஆட்டு மயிர். நான் வேலை செய்த மில்லை மூடேக்க மிச்ச நூலைக் குடுத்தவையெல்லோ? வெள்ளை நூல். அதுக்குத்தான் நான் சாயம் போட்டு, கட்டாக் கட்டி விக்கிறன்.

மேர்சி: நனைஞ்ச ஆடு மணக்குது.

றொஷானி: பழகிப்போம். முகர்ந்து பாருங்கோ, உது வினாகிரி மணம். வினாகிரி விட்டாத்தான் சாயம் பிடிக்கும். வெங்காயத் தோல் போட்டா இந்த நிறம், பாருங்கோ... வடிவில்லையோ? தேயிலைச் சாயம் இது. மஞ்சள் போட்டனான், அதுதான் சரிவரேல்லை. வெய்யிலில ஒரு கிழமையில வெளிறிப்போச்சு. ஓட்டாராச் சந்தையில வாங்கின மனுசி திருப்பிக் கொண்டுவந்து மூஞ்சையில எறியாத குறை.

மேர்சி: சந்தையிலயோ? சந்தையில நிண்டு விக்கிறியோ?

றொஷானி: சனிக்கிழமையில. மேசை போட்டு.

மேர்சி: யேசுவே! கெமிஸ்ட்ரி படிச்ச பெட்டை... சரி, எனக்குப் பசிக்குது. காலையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. சட்டியில என்ன, கறியோ?

றொஷானி: மச்சாள், மூடியைத் திறக்காதேங்கோ...

மேர்சி: அம்மா!

றொஷானி: சொன்னனான்தானே.

மேர்சி: பச்சை... பச்சைத் தலைமயிர் கொதிக்குதடி!

றொஷானி: நூல். டெவன்போட்டில ஒரு கடைக்காரி கேட்டவ. பாசிப் பச்சை, குளிர் தொடங்க முதல் வேணுமாம். முதல்முறையா ஒரு கடை என்ர நூலைக் கேட்டிருக்கு மச்சாள். இதை விட்டிட்டு நான் எங்க வாறது? வீட்டில சாயம் காய்ச்ச ஏலுமோ? அவருக்கு அந்த மணம் ஆகாதெல்லோ.

மேர்சி: ...அவருக்கோ?

றொஷானி: ஓம். உங்கட தம்பிக்கு.

மேர்சி: றெஜி... எங்க இப்ப?

றொஷானி: வேலைக்குப் போட்டார். பின்னேரம் வருவார்.

மேர்சி: இஞ்சயோ?

றொஷானி: இஞ்சதான். வேற எங்க?

மேர்சி: இந்தப் படகுக்கோ?

றொஷானி: ஏன் மச்சாள் இப்பிடிப் பார்க்கிறியள்? அவர் இல்லாமல் நான் தனியா இருப்பனோ? இந்தக் கம்பி பாருங்கோ, நூல் தொங்கவிட... அவர்தான் கட்டித் தந்தவர். போன கிழமை.

மேர்சி: போன கிழமையோ!

றொஷானி: ஓம். எஞ்சினியர் எல்லோ. ஒரு கம்பி கட்ட ரெண்டு தரம் அளந்து, படம் கீறி, பென்சிலைக் காதில செருகி... நான் சிரிச்சு முடியேல்லை.

மேர்சி: ...காதில செருகி.

றொஷானி: நீங்கள் வெளிறிப்போனியள். தண்ணி தரட்டோ?

மேர்சி: தா... இல்லை, வேண்டாம். றொஷானி, நேற்றும் அவன் இஞ்சதான் படுத்தவனோ?

றொஷானி: ஓம். படகில படுத்தா அவருக்கு நல்ல நித்திரை. குறட்டைச் சத்தத்துக்குக் கழியில நிக்கிற தாரா எல்லாம் எழும்பிப் பறக்குது.

மேர்சி: சாப்பாடு?

றொஷானி: நேற்றோ? புட்டும் மீன் கறியும். ரெண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டவர்.

மேர்சி: மீன் கறி... ரெண்டாம் தரமும்...

றொஷானி: ஏன் மச்சாள், நான் உங்கட தம்பியைப் பட்டினி போடுறன் எண்டு நினைச்சியளோ?

மேர்சி: நான் அப்பிடிச் சொல்லேல்லை. எந்தப் பக்கம் படுக்கிறவன்?

றொஷானி: இதென்ன கேள்வி!

மேர்சி: சொல்லன்.

றொஷானி: சுவர்ப் பக்கம்.

மேர்சி: ...ஓம். சின்னனிலயே அவனுக்குச் சுவர்ப் பக்கம்தான் வேணும். சுவரில முதுகு முட்டாட்டி நித்திரை வராது.

றொஷானி: தெரியும்.

மேர்சி: றொஷானி... நீ என்னட்டை ஒண்டும் கேக்கேல்லையே?

றொஷானி: என்ன கேக்கிறது?

மேர்சி: வந்த நேரம் தொடக்கம் நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன். நீயும் ஏதாவது கேளன். ஆரும் சுகமோ, எப்பிடி எண்டு...

றொஷானி: கிளறன்ஸ் அண்ணை சுகமோ?

மேர்சி: என்ர மனுசனுக்குச் சுகம், சுகம். வேற?

றொஷானி: பிள்ளையள்? அன்றூ படிக்கிறானோ?

மேர்சி: படிக்கிறான். தமிழில கேட்டா இங்கிலிசில மறுமொழி. வேற ஆர்?

றொஷானி: வேற... ஜனுஷாவின்ர பல்லுக் கம்பி கழட்டியாச்சோ?

மேர்சி: கழட்டியாச்சு! வேற ஆரையும் கேக்கமாட்டியோ?

றொஷானி: உங்கட பூனை?

மேர்சி: பூனையைக் கேக்கிறாள்! மாதாவே, பூனையைக் கேக்கிறாளே... அது நல்லா இருக்கு. கராஜில எலி பிடிச்சுக்கொண்டு... 

றொஷானி: கராஜில என்ன மச்சாள்?

மேர்சி: ஒண்டுமில்லை! கராஜில என்ன, ஒண்டுமில்லை. பூனை. ஐயோ, என்னடி இது! என்ன சத்தம்? முட்டுது... ஏதோ முட்டுது கீழ!

றொஷானி: பயப்படாதேங்கோ, வத்து தொடங்கிட்டுது. தண்ணி இறங்க இறங்கப் படகின்ர அடி சேத்தில இருக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு தரம்...

மேர்சி: சரியுது! றொஷானி, சரியுதடி! தேத்தண்ணி போகுது... கோப்பையைப் பிடி! றெஜி! டேய் றெஜி! ஓடி வாடா!

றொஷானி: மச்சாள், மச்சாள்... ஒண்டுமில்லை. என்ர கையைப் பிடியுங்கோ. இவ்வளவுதான் சரியும். இனிச் சரியாது. பாருங்கோ, நிண்டிட்டுது.

மேர்சி: நிண்டிட்டுதோ... மெய்யாவோ...

றொஷானி: ஓம். மூச்சை விடுங்கோ... மச்சாள், ஒண்டு கேக்கட்டோ?

மேர்சி: கேள்.

றொஷானி: அவர் வேலைக்குப் போட்டார் எண்டு சொன்னனானெல்லோ. நீங்கள் ஏன் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டனீங்கள்?

மேர்சி: ...ஆர்? நானோ? பயத்தில மனுசருக்கு வாயில என்ன வரும் எண்டு இருக்கோ?

றொஷானி: சரி.

மேர்சி: என்ன சரி? ஏன் அப்பிடிச் சிரிக்கிறாய்?

றொஷானி: நான் சிரிக்கேல்லை. சேலையில சாயம் பட்டிட்டுது, துடைக்கத் துணி எடுக்கிறன்.

மேர்சி: சேலை நாசமாப் போகட்டும். போதுமடி! என்னால ஏலாது. நேற்று ராத்திரி அவன் மீன் கறி சாப்பிடேல்லை. என்ர வீட்டில பாணும் பருப்பும் சாப்பிட்டவன். போன கிழமை உனக்கு ஒரு கம்பியும் கட்டேல்லை. என்ர கராஜில, கிளறன்ஸின்ர மீன்பிடி தடியளுக்கு நடுவில, மடக்குக் கட்டிலில படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன். மூண்டு மாசமா என்ர கராஜிலதானடி இருக்கிறான்! மயங்கி விழாத. இருந்துகொள்.

றொஷானி: நான் மயங்கேல்லை.

மேர்சி: உனக்கு அதிர்ச்சியா இல்லையோ?

றொஷானி: தெரியும் மச்சாள்.

மேர்சி: என்ன தெரியும்?

றொஷானி: அவர் உங்களோட இருக்கிறார் எண்டு தெரியும். கிழமைக்கு ஒருக்கா போன் எடுப்பியள். முதல் கேள்வி எப்பவும் ஒண்டுதான், "தம்பி என்ன செய்யிறான்?" அவர் வீட்டை விட்டுப் போன அந்தக் கிழமையும் நான் பயந்துகொண்டுதான் போனை எடுத்தன். "குளிக்கிறார்" எண்டு சொல்லுறதுக்கு ஆயத்தமா. நீங்கள் கேக்கேல்லை. அடுத்த கிழமையும் கேக்கேல்லை. மழையைப் பற்றிக் கதைச்சியள், கரட் விலையைப் பற்றிக் கதைச்சியள். அப்பவே விளங்கிச்சு. தம்பி எங்கயெண்டு தெரிஞ்ச ஆள்தான் தம்பியைக் கேக்காது.

மேர்சி: அட பாவி! தெரிஞ்சுகொண்டோ எனக்கு இப்ப குறட்டைக் கதை சொன்னனி? தாரா பறந்த கதை சொன்னனி? வாய் கூசேல்லையோ உனக்கு?

றொஷானி: கூசினதுதான். பேந்து சொல்லச் சொல்ல... அவர் மெய்யாவே இருக்கிற மாதிரி இருந்தது. நிப்பாட்ட மனம் வரேல்லை... நீங்கள் ஏன் அழுறியள்?

மேர்சி: நான் அழேல்லை. வினாகிரி கண்ணைக் குத்துது... என்ன நடந்ததடி? அவன் ஒண்டையும் வடிவாச் சொல்லுறானில்லை. "நான் போறன் எண்டனான், அவள் போகாதை எண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லை." அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லுறான். அவனுக்கு அதுதான் நெஞ்சில நிக்குது.

றொஷானி: அண்டைக்கு அவருக்கு இன்ரவியூ. நான் குளிக்கிற தொட்டியில சிவப்பு நூல் ஊறவிட்டிருந்தன். அவற்ற வெள்ளைச் சேட்டு அதுக்குள்ள விழுந்ததை நான் காணேல்லை. அலசிப் போட்டன். கொலர் மட்டும் றோஸ் நிறமா நிண்டிட்டுது. வேற சேட்டில்லை. அதையே போட்டுக்கொண்டு போனார்.

மேர்சி: கொலர் கதை சொன்னவன். மூண்டு வெள்ளைக்காரரும் முகத்தைப் பார்க்காமல் கொலரைத்தான் பார்த்தவையாம்.

றொஷானி: திரும்பி வந்து வாசலில நிண்டு கேட்டார்: "நூலோ, நானோ? இப்ப சொல்லு." நான் பேசேல்லை. "நான் போறன்" எண்டார். பேசேல்லை. "போறன், சொல்லன் ஏதாவது" எண்டார்... நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டன்.

மேர்சி: ஏனடி? வாயில என்ன கொழுக்கட்டையோ? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிண்டிருப்பானே!

றொஷானி: தவக்காலம் மச்சாள்.

மேர்சி: என்ன?

றொஷானி: தவக்காலம். எல்லாரும் இறைச்சி விடுவினம், நீங்கள் சீனி விடுவியள். நான்... அவரோட வாய் காட்டுறதை விட்டனான். விபூதிப் புதன் சாம்பல் பூசேக்க நேர்ந்தனான். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அவர் கோபத்தில என்ன சொன்னாலும் மறுமொழி சொல்லமாட்டன் எண்டு.

மேர்சி: இரு... இரு, இரு. ஒறுத்தலோ? அவன் பெட்டியோட வாசலில நிக்கேக்க நீ ஒறுத்தல் இருந்தனியோ!

றொஷானி: ஓம்.

மேர்சி: ஐயோ, மடைச்சி! அவனுக்குச் சொல்லியிருக்கலாமே!

றொஷானி: வெளியில சொன்னா ஒறுத்தல் பலிக்காதெல்லோ. மறைவாச் செய்யோணும் எண்டு சுவாமி பிரசங்கத்தில சொன்னவர்.

மேர்சி: சுவாமிக்குப் பெண்சாதி இருக்கோ? அவருக்கென்ன தெரியும்! எதுக்கடி இப்பிடி ஒரு நேர்த்தி?

றொஷானி: அவருக்கு வேலை கிடைக்கோணும் எண்டு. அந்த இன்ரவியூவுக்காகத்தான். கிடைச்சதோ மச்சாள்?

மேர்சி: இல்லை.

றொஷானி: இல்லையோ... அப்ப நான் வாயைப் பொத்தினது வீண்.

மேர்சி: எஞ்சினியர் படிச்சவன், இன்னும் அந்த மர யார்ட்டிலதான் பலகை அடுக்குறான். சரி, உயிர்த்த ஞாயிறோட நேர்த்தி முடிஞ்சுதே. அண்டைக்கு ஒரு போன் எடுத்திருக்கலாமே? என்ர வீட்டில இருக்கிறான் எண்டு தெரிஞ்சும்?

றொஷானி: அண்டைக்கு விடியப் பூசைக்குப் போட்டு வந்து சமைச்சனான். கோழி, கத்தரிக்காய், றொட்டி... எல்லாம். அண்டைக்கு நான் வாய் திறக்கலாமெல்லோ. நல்லாச் சண்டை பிடிக்கோணும், பேந்து சாப்பாடு போடோணும் எண்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தனான். நல்ல நாளில வராமல் இருக்கமாட்டார் எண்டு... வரேல்லை. வாய் திறக்கலாம், கேக்கத்தான் ஆளில்லை. எனக்கு அண்டைக்கு வந்த கோபம் இன்னும் போகேல்லை மச்சாள். கோபமோ, அழுகையோ தெரியேல்லை.

மேர்சி: அவனும் அண்டைக்குச் சேட்டுப் போட்டு, சப்பாத்துப் போட்டு, போனுக்குப் பக்கத்தில இருந்தவன். நான் இறைச்சிக் கறி வைச்சுக் குடுத்தன், தொடேல்லை. "அவள் எடுப்பாள், அக்கா" எண்டான். இருட்டிப்போச்சு. சப்பாத்தோடயே படுத்திட்டான்.

றொஷானி: ...சப்பாத்தோடயோ?

மேர்சி: ஓம். ரெண்டு விசருகள்! நான் இதுக்குள்ள நிண்டு... 

றொஷானி: அடுத்த கிழமைதான் வீட்டைக் குடுத்தனான். அந்த வீட்டில எந்த அறைக்குப் போனாலும் அவர்தான் இல்லாமல் இருந்தார். இஞ்ச அவர் எப்பவும் இருந்ததே இல்லையெல்லோ. இல்லாதது தெரியாது எண்டு நினைச்சன். அதுவும் பொய்யாப் போச்சு.

மேர்சி: பிள்ளை...

றொஷானி: ஆனா ஒண்டு மச்சாள். இதுக்குள்ள வந்த பிறகுதான் எனக்கு இந்த நூல் பிடிபட்டது. எந்தத் தோல் என்ன நிறம் தரும், எவ்வளவு கொதி வேணும்... ஆரையும் கேக்காமல் நானே கண்டுபிடிச்சன். இதை விட்டிட்டுச் சனிக்கிழமை அந்த வாசலில போய்ச் சிரிச்சுக்கொண்டு நிக்க என்னால ஏலாது. மாமி வரட்டும். இஞ்ச வரட்டும். நான் பின்னால ஒரு படுக்கை விரிச்சுக் குடுக்கிறன்.

மேர்சி: அம்மாவையோ? இந்தப் பலகையிலயோ?

றொஷானி: மன்னாரில பிறந்த மனுசி. வள்ளத்தில ஏறித் தெரியாதோ அவவுக்கு? நீங்கள்தான் கடலையே காணாத ஊரில வளர்ந்த மாதிரிக் கத்துறியள்.

மேர்சி: இந்த நிலைமையிலயும் வாய்க்குக் குறைவில்லை... றொஷானி.

றொஷானி: ம்.

மேர்சி: இப்பவும் நீ அதைக் கேக்கேல்லை.

றொஷானி: எதை?

மேர்சி: நீ கேக்காட்டி நானாச் சொல்ல ஏலாது. சத்தியம் பண்ணியிருக்கிறன். மாதா சுருவத்தில கை வைச்சுப் பண்ணியிருக்கிறன். ஒரு வீட்டில ஒரு ஆள் நேர்த்தி வைச்சு வாயை மூடினது காணாதெண்டு என்ர வாயையும் மூடியாச்சு. கேளடி, உனக்குக் கோடி புண்ணியம்! பூனையைக் கேட்டாய். பல்லுக் கம்பியைக் கேட்டாய்.

றொஷானி: ...அவர் எப்பிடி இருக்கிறார், மச்சாள்?

மேர்சி: கேட்டிட்டாய்! மாதாவே, கேட்டிட்டாள்! மெலிஞ்சு போனான். ராத்திரியில எழும்பி இருக்கிறான். அம்மா வாறதுக்காக மட்டும் நான் வரேல்லையடி. விடிய அவனே வந்து என்னை எழுப்பினவன், "அக்கா, வீட்டை போவம், வாங்கோ" எண்டு. கிளென் ஈடன் வாசலில அந்த மனுசன் கதவைத் திறந்தபோது எனக்குப் பின்னால அவன்தான் நிண்டவன். அவன்ர முகத்தை நீ பார்த்திருக்கோணும். நீ வேற ஆரையோ... அப்பிடி நினைச்சிட்டான். அந்த மனுசன் படகெண்டு சொன்னபிறகும் ஒரு வார்த்தை பேசேல்லை. பக்குரங்கா வரைக்கும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தான். "நீங்கள் முதல்ல போங்கோ. அவள் என்னைக் கேட்டா மட்டும் சொல்லுங்கோ. கேக்காட்டி திரும்பிப் போவம்" எண்டான். மேல கார்லதானடி இருக்கிறான்! இவ்வளவு நேரமும், நீ அவனுக்கு மீன் கறி போட்டுக்கொண்டிருக்கேக்க, அந்த மேட்டில கார்லதான் இருக்கிறான்!

றொஷானி: தெரியும், மச்சாள். நீங்கள் கார்க் கதவைத் திறக்கேக்கயே ஜன்னலால கண்டனான். நான் பார்க்கிறன் எண்டு தெரிஞ்சு குனிஞ்சவர், தலைமயிர் மட்டும் தெரிஞ்சது. மூண்டு மாசம் நான் இருந்தனான், ஒரு மணித்தியாலம் அவரும் இருந்து பார்க்கட்டும் எண்டுதான் உங்களுக்குத் தேத்தண்ணியை ஆறுதலா ஊத்தினன்... இல்லை, நீங்கள் எழும்பாதேங்கோ. நீங்கள் போய்க் கூப்பிட வேண்டாம். நானே போறன். படகை விடமாட்டன் எண்டதை அவருக்கு நான்தான் சொல்லோணும். போகாதேங்கோ எண்டதையும் நான்தான் சொல்லோணும்.